'வல்பைன்' என்றால் என்ன? நரியின் அறிவியல் பெயரைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'ஐ-என்-இ' என்று முடியும் அரிய பெயரடை ஒன்று கண்ணில் பட்டால், அந்த வாலை நறுக்கிவிட்டு மிச்சத்தை விலங்குகளின் அறிவியல் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி நேரம் அகராதியே தேவைப்படாது.

'வல்பைன்' என்றால் நரி போன்ற, நரித்தந்திரமுள்ள என்று பொருள். செந்நரியின் அறிவியல் பெயர் வல்பெஸ் வல்பெஸ். இந்திய நரியும் வல்பெஸ் பெங்காலென்சிஸ்தான். 'லூபைன்' ஓநாய்க்கு (கேனிஸ் லூபஸ்), 'கார்வைன்' காகத்துக்கு (கார்வஸ்).

காரணம் எளிது. லத்தீனில் விலங்கின் பெயரோடு 'இனுஸ்' சேர்த்தால் 'அதைச் சார்ந்த' என்றாகும். அதுவே தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸும் விலங்குகளுக்குப் பெயரிட அதே லத்தீனைத்தான் பெரிதும் நாடினார்.

லத்தீன் சொல்லே உருமாறும் இடங்களில் கொஞ்சம் இடறும்: மாடு 'பாஸ்', பெயரடையோ 'போவைன்'. 'மரீன்', 'ஜெனுயின்', 'குளோரின்' போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது. அவற்றில் விலங்கே இல்லை. தோட்டக்கலைக் கட்டுரையில் 'லூபின்' வந்தால் அது அவரைக் குடும்பத்துப் பூச்செடி, ஓநாயைத் தேடாதீர்கள்.