ஊசித் துளை வைத்து ஒரு கண் சோதனை: கண்ணாடி வேண்டுமா, விளக்கு போதுமா?

கோத்தகிரியில் எங்கள் தேயிலைக் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். வயது 43. சாயங்காலமானால் நெற்றிப்பொட்டு வலிக்கும், எழுத்து கலங்கும். ஒருநாள் 38 கிலோவை 33 என்று பதிந்துவிட்டேன். இலை கொண்டுவந்த அக்கா 5 கிலோவுக்கு உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அதன் பிறகு நான் செய்து பார்த்ததுதான் இது.

முதலில் வெளிச்சம். மூடுபனி இறங்கினால் இங்கே நாலு மணிக்கே பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். கூரை பல்பை நம்பாதீர்கள். மேசை விளக்கை, வலக்கையால் எழுதுகிறவர் இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் விழாது. ரெண்டு நாளில் வலி போய்விட்டால் சரி, குற்றம் பல்பின் மேல்.

அடுத்து தூரம். நோட்டைக் கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். இன்னும் தள்ளினால்தான் தெளிகிறது, வயதும் நாற்பதை ஒட்டி என்றால் பெரும்பாலும் வெள்ளெழுத்துதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், கிட்டத்தில் குவிக்க முடியாமல் திணறுகிறது.

இப்போது ஊசித் துளை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தையல் ஊசியால் சுமார் 1 மி.மீ. துளை போட்டு, பிசிறை நகத்தால் தேய்த்துவிடுங்கள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணோடு அட்டையை ஒட்டினாற்போல் வைத்து, கலங்கிய அதே வரியை அதே தூரத்தில் படியுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். பனி மூடிய நாளில், வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே இருட்டு. பார்வையே போச்சு என்று ராத்திரி தூக்கமில்லை. துளை வழியாகக் கொஞ்சம் ஒளிதானே வரும்! மறுநாள் வெயில் வந்ததும் வாசலில் பார்த்தேன், 3 வேறு 8 வேறாகத் தெரிந்தது. சிதறி வரும் கதிர்களைத் துளை தடுத்துவிடுவதால் கலங்கல் குறைகிறது. அப்படித் தெளிந்தால் கண்ணாடி உதவ வாய்ப்பு அதிகம். நல்ல வெயிலிலும் தெளியவில்லையென்றால் கண்புரையாகவோ விழித்திரைக் கோளாறாகவோ இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

தெளிவாகத் தெரிந்தும் எரிகிறதா? வறட்சியாக இருக்கும். உற்றுப் படிக்கும்போது இமைப்பது குறைந்துவிடும், ஹீட்டர் காற்று வேறு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பாருங்கள். எதிர்மேடு தெரியாத நாளில் வாசல் சில்வர் ஓக் மரம் போதும்.

ரெடிமேட் கண்ணாடி அவசரத்துக்கு ஓகே, ஆனால் ரெண்டு பக்கமும் ஒரே பவர். எல்லோருடைய கண்ணும் அப்படி இருக்காது. நான் குன்னூர் போய்ச் சோதித்து +1.25 போட்டுக்கொண்டேன். போன், கணினித் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன், அந்தக் காசுக்கு நல்ல விளக்கே வந்துவிடும்.

பிற்சேர்க்கை: ஒரு வாரம் தெளிவு, மறு வாரம் கலங்கல் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் சர்க்கரை பாருங்கள். அது ஏறி இறங்கினால் பவரும் மாறும், கட்டுக்குள் வராமல் வாங்கும் கண்ணாடி வீண். திடீர் மங்கல், கடும் வலி, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திரை விழுந்த மாதிரி மறைப்பு, இதில் எது வந்தாலும் அட்டையைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள்.