“டொயோட்டாதானே, ஒன்றும் ஆகாது” என்று நம்பிச் செய்யும் தவறுகள்

எட்டு வருடம் ஓடிய டீசல் இன்னோவா ஒன்றைச் சித்தப்பா வாங்கி வந்த அன்று, “டைமிங் பெல்ட் மாத்திட்டாங்களா சித்தப்பா?” என்று கேட்டேன். “டேய், இது டொயோட்டாடா, பச்சைத் தண்ணி ஊத்துனாலே ஓடும்” என்றார். ஏழு மாதம் ஓடியது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் பெல்ட் அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. இதில் வண்டி மேல் குற்றமே இல்லை, முழுக்கச் சித்தப்பா மேல்தான். அந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒத்து ஓட வைப்பது இந்த டைமிங் பெல்ட்தான், குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும் என்று கையேட்டில் அச்சடித்தே இருக்கிறது. அந்தக் கையேடு டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. பிறகு வந்த இன்னோவா கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்டுவிட்டார்கள், அதனால் ஒரே பெயர் போட்ட வண்டிக்கு ஒரே பராமரிப்பு என்று நினைத்தாலும் தவறுதான்.

இப்படி ஒரு பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். டொயோட்டா நல்ல வண்டியா என்று கேட்டால் நல்ல வண்டிதான் என்று நானும் சொல்வேன், ஆனால் ஏன் நல்ல வண்டி என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டால் வாங்கும்போதும் ஏமாறுவோம், வைத்துக்கொள்ளும்போதும் ஏமாறுவோம்.

முதல் தவறு வரலாற்றிலேயே நடக்கிறது. “ஜப்பான்காரன் பிறவியிலேயே ஒழுங்கு, அதனால் முதல் வண்டியிலிருந்தே கல்லு மாதிரி செய்தான்” என்கிற கதை. அப்படியெல்லாம் கிடையாது. டொயோட்டாக்காரர்கள் ஆரம்பித்தது தறியில். சகிச்சி டொயோடா என்கிற தச்சர் மகன் செய்த தானியங்கித் தறியின் விசேஷமே, நூல் அறுந்த நொடியில் அதுவாக நின்றுவிடும் என்பதுதான். விசைத்தறிக் கொட்டகை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்: பாவில் ஓர் இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் முழத்துக்கு முழம் கழிவுத் துணிதான் வரும், அதைக் கவனிக்கவே தறிக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். தானே நிற்கும் தறி வந்ததும் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தத் தறியின் காப்புரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. சில வருடம் கழித்து, 1933-இல், சகிச்சியின் மகன் கீச்சிரோ அதே தறிக் கம்பெனிக்குள் ஒரு கார்ப் பிரிவைத் தொடங்கினார்.

தொடங்கியதும் என்ன ஆனது? எஞ்சினுக்கு அமெரிக்க ஷெவர்லே மாதிரி, உடலுக்கு இன்னோர் அமெரிக்கக் காரின் சாயல். 1935-இல் வந்த ஜி1 லாரிகள் அடிக்கடி வழியில் படுத்துக்கொண்டன, கம்பெனி ஆட்கள் ஓடிப்போய்ச் சரிசெய்தார்கள். 1937-இல் டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனி ஆனது, 1950-இல் கிட்டத்தட்டத் திவாலாகி, ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கீச்சிரோ பதவி விலகல் என்று போனது. கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் லாரி கேட்டு வந்த ஆர்டர்தான் காப்பாற்றியது. அப்புறம் 1957-இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஜப்பானின் குண்டுங்குழிச் சாலைக்குச் செய்த கனமான வண்டி, அங்கே நெடுஞ்சாலை வேகத்துக்கு இழுக்கவே இல்லை. 1960-இல் கார் ஏற்றுமதியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெயரை உயிரோடு வைத்திருந்தது ஜீப் வகை வண்டியான லேண்ட் குரூஸர்தான். கரோனா என்கிற காரைப் புதிதாகச் செய்து 1965-இல் மறுபடி போன பிறகுதான் கதை மாறியது. 1966-இல் கரோலா. அது இதுவரை 5 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

ஆக, அவர்களிடம் ஆரம்பத்திலிருந்து இருந்தது நல்ல கார் இல்லை. அப்பன் தறியின் பழக்கம்தான் இருந்தது. தவறு நடந்தால் ஓட்டத்தை நிறுத்து, ஏன் என்று பார், பிறகு ஓட்டு. தாயிச்சி ஓனோ என்கிற பொறியாளர் இதைத் தொழிற்சாலை முழுக்கக் கொண்டுவந்தார். வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி, போல்ட் சரியாக உட்காரவில்லை என்று தோன்றினால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார், அதற்குள் தீராவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். (நம் ஊரில் வேலையை நிறுத்தினவனைத்தான் முதலில் முறைப்பார்கள்.)

பெயரிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. டொயோட்டா என்கிற ஊரில் பிறந்ததால் கம்பெனிக்கு அந்தப் பெயர் என்று பலர் எழுதுகிறார்கள், உண்மை தலைகீழ். அந்த ஊர் கொரோமோ, 1959-இல் கம்பெனி பெயரை ஊர் எடுத்துக்கொண்டது. குடும்பப் பெயர் டொயோடா, வளமான வயல் என்று பொருள். 1936-இல் சின்னத்துக்கு ஒரு போட்டி வைத்தபோதுதான் அது டொயோட்டா ஆனது. ஜப்பானிய எழுத்தில் எட்டே கோடுகளில் எழுதிவிடலாம், எட்டு அங்கே ராசியான எண். நமக்கோ டா, ட்டா இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், முன்னால் ஒரு புள்ளி எழுத்து சேர்த்தால் குடும்பம் கம்பெனியாகிவிடுகிறது.

சரி, அடுத்த தவறுக்கு வருவோம், இதுதான் பெரியது: எல்லா வருடத்து வண்டியும் எல்லா எஞ்சினும் ஒரே தரம் என்று நினைப்பது. 1990-களின் பிற்பாதியில் வந்த சில எஞ்சின்களில் ஆயில் கெட்டியாகிக் களிம்பு போல் உறைந்தது, அமெரிக்காவில் கம்பெனியே 2002-இல் உத்தரவாதத்தை நீட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. டகோமா பிக்கப்பின் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, பழைய வண்டிகளைக் கம்பெனியே திரும்ப வாங்கியது. 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரியின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிப்பதற்குப் பெயர் போனது. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற 2.8 லிட்டர் டீசல் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ என்று சுமார் 2,64,000 வண்டிகளின் புகை வடிகட்டி நீதிமன்றம் வரை போனது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால்தான் இந்தப் புகை வடிகட்டி அடைக்கும் என்று நாம் படித்திருக்கிறோம், இது நெடுஞ்சாலையில் சீராக 100 கி.மீ. வேகத்தில் போகும்போதே தன் வேலையைச் செய்யத் தவறியது. 2022, 2023 மாடல் டன்ட்ரா பிக்கப்பின் புது வி6 எஞ்சினில் ஆலையில் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டதாக 2024-இல் ஒரு லட்சம் வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள், இப்படி அழைப்பதைத்தான் ரீகால் என்பார்கள்.

இந்தப் பட்டியலைக் காட்டி, “பார்த்தீர்களா, டொயோட்டாவே வீண்” என்று முடிவு கட்டுவதும் அதே அளவு தவறு. எத்தனை ரீகால் என்று எண்ணித் தரத்தை அளக்க முடியாது. நிறைய விற்கிற கம்பெனி நிறைய வண்டிகளைத்தான் அழைக்கும், கோளாறு தெரிந்தும் அழைக்காத கம்பெனிக்கு ரீகால் எண்ணிக்கை பூஜ்யம். பார்க்க வேண்டியது, நூல் அறுந்தபோது தறி நின்றதா என்பதை.

எல்லா முறையும் நிற்கவில்லை. 2009, 2010-இல் அமெரிக்காவில் வண்டி தானாக வேகமெடுக்கிறது என்று பெரிய கலவரம். மின்னணுக் கோளாறா என்று நாசா வரை ஆராய்ந்தார்கள், அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தரைவிரிப்பில் மாட்டிக்கொள்ளும் பெடல், அழுத்தினால் திரும்ப வராத பெடல் என்று இரண்டு குறைகள் உண்மை. அவற்றைப் பற்றி மக்களிடம் தவறான தகவல் சொன்னதற்காக 2014-இல் 120 கோடி டாலர் கட்டினார்கள். கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, நாங்கள் வளர்ந்த வேகம் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 2008-இல்தான் ஜெனரல் மோட்டார்ஸை முந்தி உலகில் அதிகம் விற்கும் கம்பெனி ஆகியிருந்தார்கள், அந்த ஓட்டத்தில் கயிற்றை இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதைவிட என்னை உறுத்தியது 2024 ஜனவரிச் செய்தி. டீசல் எஞ்சின்களின் திறன் சோதனையில், விற்பனை வண்டியில் இருப்பதிலிருந்து வேறான மென்பொருளைப் போட்டு முடிவுகள் சீராக வரும்படி செய்திருந்தார்கள் என்று வெளியே வந்தது. கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் எஞ்சின்கள் அதில் உண்டு, இந்தியாவிலும் கொஞ்ச நாள் வண்டி அனுப்புவதை நிறுத்தி வைத்தார்கள். செய்த கம்பெனி எது தெரியுமா, டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், அதாவது சகிச்சியின் அதே பழைய தறிக் கம்பெனி. பெங்களூருக்குப் பக்கத்தில் ஜிகணியில் நூற்பு இயந்திரம் செய்துகொண்டிருந்த அவர்களுடைய கூட்டுக் கம்பெனிதான் பிற்பாடு நமக்கு இந்த டீசல் எஞ்சின்களைச் செய்கிறது. இதனால் ஓட்டுகிற வண்டிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, எஞ்சினும் நல்ல எஞ்சின்தான், ஆனாலும் பெயர் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

லோகோவைப் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. கிளான்ஸா என்பது பலேனோ, ரூமியன் என்பது எர்டிகா, டைசர் என்பது ஃபிராங்க்ஸ், எல்லாம் சுஸுகியின் வண்டிகள். அவை மோசம் என்று நான் சொல்லவே இல்லை, பராமரிக்க மலிவானவை, ஆனால் “டொயோட்டா எஞ்சின் அஞ்சு லட்சம் ஓடும்” என்கிற இன்னோவா கணக்கை அங்கே போடக் கூடாது. தலைகீழாகவும் நடக்கிறது, மாருதி ஷோரூமில் நிற்கும் இன்விக்டோ, பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் வரும் இன்னோவா ஹைகிராஸ்தான். நமக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இதே கதை: ஜிஆர்86 காரைச் செய்வது சுபாரு, 2019-இல் வந்த சுப்ராவின் எஞ்சின் பிஎம்டபிள்யூ. டைஹட்சு கம்பெனி செய்து டொயோட்டா பெயரில் விற்ற வண்டிகளும் உண்டு, 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனியின் 64 மாடல்களில் சான்றிதழ் சோதனை முறைகேடு வெளியானபோது அவையும் மாட்டின.

செகண்ட் ஹேண்டில்தான் காசு அதிகம் போகிறது. குவாலிஸ் 2000-இல் வந்த நாளிலிருந்து, 2005-க்குப் பிறகு இன்னோவாவும், நம் ஊரில் ட்ராவல்ஸ் வண்டி. மூன்று லட்சம் ஓடிய டி போர்டு வண்டி, ஓன் போர்டாக மாறி, சீட் கவர் புதிதாகி, மீட்டர் எண்பதாயிரம் காட்டிக்கொண்டு சந்தைக்கு வரும். எந்த வண்டி நீடித்து ஓடுமோ அதைத்தான் இப்படிச் செய்ய முடியும், ஆகவே உழைக்கும் வண்டி என்ற நல்ல பெயரே மீட்டர் குறைப்பவனுக்கு வசதி. பிரேக் பெடல் ரப்பரையும் ஓட்டுநர் சீட் பெல்ட் துணியின் ஓரத்தையும் பாருங்கள், ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், முதலில் எந்த வகையில் பதிவானது என்று பாருங்கள். சர்வீஸ் சென்டரில் பழைய கணக்கு இருக்கும், விற்பவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். இலங்கையில் ஜப்பான் ஏலத்திலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டி வாங்குகிறவர்கள் வண்டியின் நிலையைக் குறித்திருக்கும் ஏலத் தாளைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது நல்லது. அதில் தரத்துக்குப் பதில் ஆர் என்று இருந்தால் விபத்துக்குப் பின் சீரமைத்த வண்டி. அதிலுள்ள வண்டிப் படத்தில் டபிள்யூ என்று குறித்திருந்தால் அந்த இடத்தில் தட்டிப் பூசியிருக்கிறார்கள்.

எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் பற்றி ஒரு பக்கம் பயமும் இன்னொரு பக்கம் மிதப்பும் உண்டு. பேட்டரி ரெண்டே வருடத்தில் போய்விடும் என்பது வெறும் வதந்தி, 1997-இல் பிரியஸ் வந்ததிலிருந்து இதைச் செய்துவருகிறார்கள், இங்கே பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதமும் தருகிறார்கள். ஆனால் பேட்டரியைக் குளிர்விக்க வண்டிக்குள்ளிருந்தே காற்றை இழுக்கும் ஒரு துவாரம் சீட்டின் பக்கத்தில் இருக்கும், பல வண்டிகளில் அதற்கு ஒரு சின்ன வடிகட்டியும் உண்டு. அதன் முன்னால் பையையும் போர்வையையும் அடைத்துவைத்துவிட்டு, நாய் முடியும் தூசியும் சேர விட்டுவிட்டு, பேட்டரி சூடாகிறது என்று புலம்பக் கூடாது. சர்வீஸ் விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, பழைய கரோலா ஆல்டிஸ் போன்றவை வைத்திருப்பவர்களுக்கு. டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் விவகாரம் டொயோட்டாவோடு இன்னும் பல கம்பெனிகளையும் பிடித்தது, அதன் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வருடக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டால் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் வீசக் கூடியது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போலக் கடற்கரை ஊர்களின் வானிலை அதற்குத் தோதானது. வண்டி மூன்று கை மாறியிருந்தால் அழைப்புக் கடிதம் யாரோ பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும். சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுத்துக் கேளுங்கள், உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.