பழைய பாலி பின்பால் டிஸ்ப்ளே போர்டு: கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

1977-லிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் பாலி (Bally) நிறுவனம் செய்த பின்பால் (பந்தை அடித்து ஸ்கோர் சேர்க்கும் விளையாட்டு) மெஷின்களில் ஸ்கோர் காட்டும் ஆரஞ்சு எண்கள் எல்.இ.டி. கிடையாது. கண்ணாடிக்குள் நியான் வாயு, அது எரிய 190 வோல்ட் டி.சி. கொடுத்திருப்பார்கள். இதைச் சாதாரண 5 வோல்ட் போர்டு என்று நினைத்துக் கை வைப்பதில்தான் பாதிச் சேதம் தொடங்குகிறது.

முதல் தவறு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பது. ஒரு டிஸ்ப்ளே எரியவில்லை, லூஸாக இருக்குமோ என்று கை தானாக அங்கே போகும். அந்த ஒரு பிளக்கிலேயே 190 வோல்ட்டும் 5 வோல்ட் சிக்னல்களும் அடுத்தடுத்து வருகின்றன, கொஞ்சம் சாய்ந்து கழன்றாலும் உயர் வோல்டேஜ் பக்கத்துப் பின்னில் பாய்ந்து எந்த எண் எரிய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் டீகோடர் ஐசியையும், சமயத்தில் மெஷினின் மூளையான எம்.பி.யு. போர்டையும் சேர்த்து எரித்துவிடும். ஒரு பின் தள்ளிச் செருகினாலும் இதே கதிதான். தப்பாகச் செருகாமல் இருக்க ஒரு துளையை அடைத்து வைத்திருப்பார்கள், பழைய மெஷினில் அந்த அடைப்பு காணாமல் போயிருக்கும், அதனால் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பவரை அணைத்த உடனேயும் தொடாதீர்கள். காந்தச் சுருள்களை இயக்கி, இந்த உயர் வோல்டேஜையும் சீராக்கும் சொலினாய்டு டிரைவர் போர்டில் 160 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று உண்டு, அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அடுத்தது, எண் தெரியவில்லை என்றதுமே சால்டரிங் அயர்னை எடுப்பது. ஆறு இலக்க மெஷின்களில் நான்கு ஆட்டக்காரர்களின் டிஸ்ப்ளே, கிரெடிட் டிஸ்ப்ளே ஐந்துமே ஒரே போர்டுதான். பவரை அணைத்துவிட்டு இரண்டை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு போர்டோடு கூடவே போனால் போர்டில் பழுது, பழைய இடத்திலேயே நின்றால் வயரிலோ எம்.பி.யு.விலோ பழுது. இலக்கங்களை ஒவ்வொன்றாக ஏற்றும் சிக்னல் எல்லா டிஸ்ப்ளேக்கும் பொது என்பதால், எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் காணவில்லை என்றால் டிஸ்ப்ளே மேல் பழி போடாதீர்கள். நாணயக் கதவுக்குள் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் எண்கள் வரிசையாக ஓடும், அதை நிதானமாக நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே ஒரு போர்டில் ஒரே ஒரு இலக்கம் மட்டும் இல்லையா? அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது 100 கே (ஒரு லட்சம் ஓம்) ரெசிஸ்டர்களைத்தான். பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே அறுந்து ஓபன் ஆகியிருக்கும். ஒன்று போயிருந்தால் அந்த வரிசை முழுவதையும் அரை வாட் ரெசிஸ்டராக மாற்றிவிடுவது நல்லது, மற்றதும் அதே வயசுதானே. இங்கே பலர் செய்வது, அயர்னை ரொம்ப நேரம் அழுத்திப் பிடிப்பது, அதில் தாமிரப் பட்டை அப்படியே உரிந்து வந்துவிடும். பழைய ரெசிஸ்டரின் கால்களை மேலே வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சூடு காட்டி ஒவ்வொன்றாக எடுங்கள். கனெக்டர் பின்களின் அடியில் இருக்கும் சால்டரையும் அப்போதே புதுப்பித்துவிடுங்கள், முடி மாதிரி வட்ட விரிசல் அங்கேதான் விழும், தட்டினால் எரிந்து அணையும் டிஸ்ப்ளேக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஃபியூஸ் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். உயர் வோல்டேஜுக்கு இருப்பது 3/16 ஆம்பியர். கையில் அது இல்லையென்று பெரிய ஃபியூஸைப் போட்டால், ஒரு ஷார்ட்டில், வோல்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் பகுதியே கருகிவிடும். அப்புறம், ரெகுலேட்டரைச் சரிசெய்த கையோடு டிஸ்ப்ளேக்களை மாட்டிவிடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, முதலில் டிரைவர் போர்டில் டி.பி.2 (TP2) என்ற அளவெடுக்கும் புள்ளியில் வோல்டேஜைப் பாருங்கள். ரெகுலேட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் அங்கே 230 வந்து நிற்கும். சரியாக இருந்தால் பக்கத்தில் உள்ள திருகைச் சுற்றி 170-க்குக் கொண்டுவாருங்கள், வெளிச்சம் பெரிதாகக் குறையாது, கண்ணாடி இன்னும் பல காலம் வரும்.

வாயு கசிந்து ஓரம் நீலமாக மினுக்கும் கண்ணாடியை யாராலும் மீட்க முடியாது, அதற்காக ஐசி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். எல்.இ.டி. மாற்று போர்டு கிடைக்கிறது. அதைப் போட்டாலும், கழற்றிய பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலிருக்கும் டிரான்சிஸ்டர்களும் டீகோடரும் இன்னொரு டிஸ்ப்ளேயைப் பிழைக்க வைக்கும்.