ஜப்பான் வாளின் சாட்சி பிடிக்குள்ளே இருக்கிறது

பழைய பெட்டகத்திலிருந்து ஒரு ஜப்பான் வாள் வெளியே வந்தால் அதற்கு மிகப் பெரிய ஆபத்து கறள் அல்ல, நம்முடைய கைகள்தான். கோயில் வாளைத் திருவிழாவுக்கு முன் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் இதையும் துலக்கினால், அல்லது கராஜுக்குக் கொண்டுபோய் கிரைண்டரில் பிடித்தால், மிஞ்சுவது பளபளக்கும் ஓர் இரும்புத் துண்டு. வயதைச் சொல்லும் தடயமெல்லாம் போய்விடும். பார்த்து முடியும் வரை எதையும் தேய்க்காதீர்கள்.

வாளோடு சேர்ந்து வரும் கதையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'ஹெர்மிஸ் கப்பலில் எடுத்தது' என்று மட்டக்களப்பில் யாரும் விற்க வந்தால் சிரித்துவிட்டு அனுப்பலாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியக் கப்பல் அது. அதற்குள் ஜப்பான் அதிகாரியின் வாளுக்கு என்ன வேலை? மலாயா, சிங்கப்பூர், பர்மா வழியாக வந்தது என்றால் நம்ப இடமுண்டு. 1945இல் சரணடைந்த ஜப்பான் அதிகாரிகள் வாளை ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன் வற்புறுத்தினார். ஆனால் கதை மெய்யாக இருந்தாலும் வாள் பழையதாக இருக்க வேண்டியதில்லை. போருக்கு வந்த வாள்களில் பெரும்பகுதி அந்தக் காலத்திலேயே மொத்தமாகச் செய்யப்பட்டவை.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: நகைத்தொழிலாளி வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், மூடியில்லாத ஒரு மின்குமிழ், உலோக அளவுகோல், பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி, சிறிய சுத்தியல், பித்தளைக் குச்சி ஒன்று.

உருவும்போது கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும். வாளின் முதுகு உறைக்குள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். உறையின் கூர்ப்பக்க ஓரத்தில் விரல்களைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. பழைய உறையின் ஒட்டு விட்டிருந்தால் அலகு அதைப் பிளந்து விரலை வெட்டும். இறுகியிருந்தால் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், முனை உடையும். அலகை விரலால் தொடவும் வேண்டாம், அதற்கு நேரே பேசவும் வேண்டாம். எச்சில் துளி விழுந்த இடத்திலும் கறள் பிடிக்கும்.

முதலில் பிடியைப் பாருங்கள். நாடா சுற்றியதுபோன்ற வடிவம் உலோகத்திலேயே வார்க்கப்பட்டு, மேலே வர்ணம் பூசி, திருகாணியால் பூட்டியிருந்தால் அது 1935ஆம் ஆண்டு மாதிரியில் வந்த, தரங்குறைந்த படை அலுவலருக்கான தொழிற்சாலை வாள். அலகில் இலக்கம் குத்தியிருக்கும், உறையிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. அது போர்க்கால நினைவுப்பொருள், அதில் நூற்றாண்டுகளைத் தேடிப் பயனில்லை. பிடி மரமாக இருந்தால் நாடாவுக்கு அடியில் திருக்கைத் தோல் தெரிய வேண்டும். திருக்கையை வாடியில் பார்த்த கண்ணை இதில் ஏமாற்றுவது கஷ்டம்: உண்மைத் தோலின் மணிகள் சிறிதும் பெரிதுமாக ஒழுங்கில்லாமல் இருக்கும், பிளாஸ்டிக்கில் அச்சு அடித்ததுபோல் ஒரே அளவாக இருக்கும்.

மரப்பிடியை ஒரு மூங்கில் ஆப்பு பிடித்திருக்கும். போர்க்கால வாள்களில் சிலவற்றில் இரண்டு. ஆப்பின் ஒரு பக்கம் ஒடுங்கியது. ஒடுங்கிய பக்கத்தில் பித்தளைக் குச்சியை வைத்து மெல்லத் தட்டினால் மறுபக்கம் வெளியேறும். வராவிட்டால் ஒரு துளி மெசின் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள், துளைபோட்டு எடுக்காதீர்கள். பிறகு முனை மேலே சாய்ந்திருக்க இடக்கையால் பிடியின் அடியைப் பிடித்து, அந்த மணிக்கட்டில் வலக்கை முட்டியால் மெதுவாகக் குத்தினால் பிடி தளரும். பிடி, வளையத்தகடு, கைக்காப்பு, மறுதகடு, அலகை அணைத்த உலோகக் கழுத்துப்பட்டை ஆகியவற்றைக் கழன்ற வரிசையிலேயே வையுங்கள். ஒவ்வொன்றும் அந்த வாளுக்கென்று பொருத்தியது.

இப்போது தெரிவதுதான் நகாகோ, பிடிக்குள் ஒளிந்திருந்த அடிப்பகுதி. முழு நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள். நூற்றாண்டு கண்ட நகாகோவின் கறள் கரும்பழுப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு; அடர்த்தியாக, ஒட்டிப்போய் இருக்கும், துணியில் தேய்த்தால் சிந்தாது. 1930, 40களில் செய்ததில் மெல்லிய பழுப்புக்கு நடுவே சாம்பல் நிற உலோகம் தெரியும். வெள்ளைத் துணியில் செம்மஞ்சள் தூளாக வருவது பெரும்பாலும் அமிலத்தாலோ உப்புநீராலோ அவசரமாகக் கொண்டுவந்த கறள். உண்மையான நகாகோவில் அரம் போட்ட கோடுகள் ஒழுங்காக ஓடும். கிரைண்டர் சுழித்த தடம் கண்டால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வெட்டியிருந்தால் லென்ஸை எழுத்தின் பள்ளத்துக்குள் செலுத்துங்கள். பள்ளத்திலும் சுற்றிலும் ஒரே கறள் இருக்க வேண்டும். பள்ளம் மட்டும் வெளிச்சமாக இருந்தால் பெயர் பிறகு வெட்டப்பட்டது. ஆனால் கறள் ஒத்துப்போவதால் மட்டும் பெயர் மெய்யாகிவிடாது. பெரிய கொல்லர்களின் பெயரைச் சிறிய வாளில் வெட்டும் மோசடி ஜப்பானிலேயே சில நூற்றாண்டுப் பழசு. அலகின் தரம் பெயருக்கு ஈடுகொடுக்காவிட்டால் பெயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கையெழுத்தே இல்லாதது குறையல்ல. ஆப்புத் துளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் நீண்ட வாளை யாரோ அடியில் வெட்டிக் குறைத்திருக்கக்கூடும். பெயர் அந்தத் துண்டோடு போயிருக்கும். திகதியில் ஷோவா ஆண்டு (பேரரசர் ஹிரோஹித்தோவின் ஆட்சிக்கால ஆண்டுக்கணக்கு) இருந்தால் 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 18 என்பது 1943. பெயருக்குப் பக்கத்தில் 'ஷோவா' அல்லது 'செகி' (வாள் செய்யும் ஜப்பான் நகரம்) என்ற சிறிய முத்திரை பொதுவாகப் பாரம்பரிய முறையில் அடிக்காத போர்க்கால வாளைக் காட்டும். நட்சத்திர முத்திரை வேறு: இராணுவத்துக்காகப் பாரம்பரிய முறையில் அடித்த கொல்லர்களுடையது.

நீளத்தை, நகாகோ தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கத்திலுள்ள வெட்டிலிருந்து முனைவரை நேர்கோட்டில் அளக்கவும். 60.6 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் கத்தானா என்ற நீள வாள், 30.3 முதல் அதுவரை வாக்கிசாஷி என்ற குறுவாள், அதற்குக் கீழ் தாந்தோ என்ற கத்தி.

அடுத்தது ஹமோன், கூர் ஓரத்தில் கடினமாக்கிய பகுதியின் எல்லை. மின்குமிழின் வெளிச்சம் அலகில் வழுக்கும்படி சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உண்மையானது வாவியின் மேல் அதிகாலைப் புகார் கிடப்பதுபோல ஆழத்தோடு தெரியும், லென்ஸில் மினுங்கும் துகள்கள் காணலாம். அமிலத்தால் வரைந்தது தட்டையான வெண்மை. எந்தக் கோணத்திலும் மாறாது. முழு அலகிலும் கறுப்பு வெள்ளை வரிகள் கண்ணைப் பறித்தால் அது புதுப் பொருள். உருக்கை மடித்து மடித்து அடித்ததால் வரும் பழைய இழைகள் அடக்கமானவை. ஒரு எச்சரிக்கை: கறள் மூடிய, பழுதுபட்ட மேற்பரப்பில் மெய்யான ஹமோனும் தெரியாது. காணவில்லை என்பதற்காகப் போலி என்று தள்ளாதீர்கள்.

குறைகளில் மன்னிக்க முடியாதது கூருக்குக் குறுக்காக ஓடும் மயிர்ப் பிளவு. விலையையே விழுத்திவிடும். முனைக்குள் ஹமோன் வளைந்து திரும்பாமல் ஓரத்தில் முடிந்துபோனால், உடைந்த முனையைத் தேய்த்துப் புதிதாகச் செதுக்கியிருப்பார்கள். அதுவும் பெரிய இழப்பு. கூர் தொடங்கும் அடியிலிருந்து சாய்வாக மேலெழும் மங்கல் பட்டை, தீயில் கெட்டு மீண்டும் கடினமாக்கியதாக இருக்கலாம். நீளவாக்கில் சிறு இழைப் பிளவு, கொப்புளம், ஓரத்தில் சிறு பல் விழுந்தது ஆகியவை தரத்தைப் பொறுத்துச் சகிக்கலாம். முதுகில் இன்னொரு வாள் பட்ட வெட்டைச் சேகரிப்பாளர்கள் பெருமையாகவே பார்ப்பார்கள்.

சான்றிதழ் கொடுத்தால் அதிலுள்ள நகாகோப் படத்தையும் கையிலுள்ளதையும் துளைக்குத் துளை ஒப்பிடுங்கள். 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்று மதிப்புள்ளது. ஜப்பானின் பதிவு அட்டை மட்டும் இருந்தால் அது பதிவுதான், தரச்சான்று அல்ல.

பழைய எண்ணெயைத் துடைக்க, போன் திருத்தும் கடைகளில் கிடைக்கும் 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் போதும். அலகில் செங்கறள் இருந்தால் மெசின் எண்ணெய் தடவி விட்டுத் துடைக்கவும், சுரண்டவேண்டாம். தேங்காயெண்ணெய் காறிப் பிசினாகும், ஆகவே கூடாது. பூச்சு மிக மெல்லியதாக இருக்கட்டும். மாரி மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நகாகோவுக்கு எதுவும் பூசவேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது ஆப்பு சுருங்கியிருந்தால் நன்கு காய்ந்த முற்றிய மூங்கிலில் புதிது சீவுங்கள். ஆணியோ பென்சில் துண்டோ வேண்டாம்: ஆணி துளையைக் கறளாக்கும், பென்சில் முறிந்தால் அலகு பிடியை விட்டுப் பறக்கும்.