தோல் ஷாப் நிலத்தில் கபடித் திடல் அமைக்கும் முன்

கபடி ஆடும் பிள்ளை வெறுங்காலோடு ஓடுகிறான், குப்புற விழுகிறான், மூச்சோடு மண்ணையும் உள்ளே இழுக்கிறான். வண்டி நிறுத்தப் போதுமான சுத்தம் அவனுக்குப் போதாது. மண் பரிசோதனை என் தொழில். வாணியம்பாடிப் பக்கம் மூடிக் கிடந்த தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) ஒன்றை ஊர்த் திடலாக்கும் வேலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மண்வெட்டியை எடுக்கும் முன், அங்கே வேலை பார்த்த பெரியவர்களைத் தேடிப் போங்கள். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்துத் தொட்டிகள் எங்கே இருந்தன, குரோமிய உப்பால் பதனிடும் முறை வந்தபிறகு பீப்பாய்கள் எங்கே சுழன்றன, சுண்ணாம்புக் குழி எது, சேற்றை எந்த மூலையில் கொட்டினார்கள் என்று கேட்டுத் தரையிலேயே குறியுங்கள். எங்களுக்கு ஒரு அம்மா காட்டிய இடத்தில், சிமெண்ட் தளத்துக்கு அடியில் மூன்றடி ஆழத்துக்கு நீலப்பச்சைச் சேறு இருந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

பிறகு பத்து மீட்டருக்கு ஒரு கட்டம் பிரித்து மண் எடுங்கள். பெரியவர்கள் காட்டிய இடங்களில் இன்னும் நெருக்கமாக. மேல் 15 செ.மீ. மண் தனி, அரை மீட்டர் ஆழத்து மண் தனி, ஒரு மீட்டர் தனி. செலவைக் குறைக்கப் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள், கெட்ட மண் நல்ல மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், அதிலேயே குரோமியம் உண்டு. பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மொத்தக் குரோமியம், குரோமியம்-6 என இரண்டு அளவுகளையும் எழுத்தில் கேளுங்கள்.

குரோமியத்தின் இரு வடிவங்களான 3-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும். அதன் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். மழை விட்ட பிறகு மண்மேல் மஞ்சள் படிந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தோல் துண்டுகளைக் குவித்து எரித்தால் 3 என்பது 6 ஆக மாறும். எங்கள் இடத்தில் ஓர் ஒப்பந்ததாரர் ஒரே இரவில் அப்படி எரித்துவிட்டார். அந்தச் சாம்பலை அள்ளி முடிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

கெட்டியான சேற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு, உரிமம் பெற்ற வண்டியில் அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் ஒன்று உள்ளது. குரோமியம்-6 கலந்த மண்ணுக்கு மருந்து, நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும் அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட். அது 6-ஐ மீண்டும் 3 ஆக்கும். ஆனால் எவ்வளவு போடுவது என்பதைச் சுற்றுச்சூழல் பொறியாளர் சிறு குவியலில் சோதித்துச் சொல்லட்டும். தோண்டும் நாளெல்லாம் மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணைக்குத் தூசி போகக் கூடாது.

லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவும் பழைய தொழிற்சாலை நிலத்தில்தான் எழுந்தது. தோண்டிய மண்ணை அங்கேயே கழுவிப் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அடிமண்ணுக்கு மேல் எச்சரிக்கையாக ஆரஞ்சு நிறத் துணியை விரித்தார்கள். நாங்களும் அப்படியே விரித்து, அதன்மேல் இரண்டடி சுத்தமான மண் போட்டோம். அந்த மண்ணையும் சோதியுங்கள். பாலாற்றங்கரை மண், ஏரி வண்டல் என்று எது வந்தாலும் ஆய்வக முடிவு வராமல் லாரியைக் கவிழ்க்க விடாதீர்கள். இத்தனை ஆண்டுகள் இந்தத் தோல் ஷாப்களின் தண்ணீர் ஓடிய பக்கம் இது.

திடலில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் தெளிப்பதும் கூடாது. கீழே இருப்பதை மேலே கொண்டுவருவதாகும். ஆழ வேர்விடும் மரங்களை ஓரத்தில், தனியாகச் சுத்தம் செய்த குழியில் நடுங்கள். விளக்குக் கம்பம், வாலிபால் கம்பம் எதற்குக் குழி தோண்டினாலும் ஆரஞ்சுத் துணி கிழியும். கிழிந்த இடத்தை அன்றே தைத்து மூடி, வரைபடத்தில் தேதியோடு குறிக்க வேண்டும். எங்கள் வரைபடத்தின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது, இன்னொன்று கபடிக் குழுவின் தலைவரிடம் இருக்கிறது.