15-ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்த கதை

மதுரையில் 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியவன் நான். வேலைக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்தபின் நண்பர்களோடு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 21.1 கிலோமீட்டர்தானே என்ற திமிர். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துச் சாலையில் பயிற்சி ஓடியபோது, 15-ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்து ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஷூவைக் குறை சொல்லி, புதிது வாங்கினேன். காசுதான் போயிற்று. கோளாறு காற்றில் இருந்தது. இங்கே ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாமல் வழிகிறது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பழைய வேகத்திலேயே ஓடினால் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும்.

தோட்டத்திலேயே வளர்ந்த நண்பன் சொன்னான்: "அண்ணே, பேசிக்கிட்டே ஓடுங்க. பேச முடியலன்னா வேகம் அதிகம்." சரி என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். காலை ஐந்தரைக்கே கிளம்பினோம் (விடிய ஏழாகும், டார்ச் வேண்டும்). தாகம் எடுத்தபோதெல்லாம் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். பருத்திச் சட்டையை விட்டேன். நனைந்தால் அது கோணிப்பை.

போட்டியன்று முதல் 5 கிலோமீட்டரில் ஊரே என்னைத் தாண்டிப் போனது. வயிறு எரிந்தாலும் பேச்சை நிறுத்தவில்லை. 2 மணி 38 நிமிடம், கால் இழுக்கவில்லை. பதக்கத்தோடு நேராகப் பசியாறப் போனோம்; எனக்கு மட்டும் மூன்று ரொட்டி சானாய்.