போர்க்கால குரோஷா கையில் கிடைத்தால் அவசரப்படாதீர்கள்

பால் ஜாடியில் ஈ விழாமல் மூடி வைக்கும், கொக்கி ஊசியால் பின்னிய வட்டமான குரோஷாத் துணி. காற்றில் பறக்காதிருக்க ஓரமெல்லாம் மணிகள். நடுவே வெள்ளை நூலில் 'ஆன்சாக்' என்ற சொல். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கல்லிப்போலியில் தரையிறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் சுருக்கப்பெயர் அது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்திரேலியப் பெண்கள் இப்படி நிறையப் பின்னினார்கள். கான்பெராவின் போர் நினைவகத்தில் இன்று இவற்றைப் பாதுகாக்கிறார்கள். பழைய பின்னல்களைச் சேகரிப்பவர்களும், படம் பார்த்து மறுபடி பின்னிப் பார்ப்பவர்களும் இவற்றில் செய்யும் சில தவறுகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை.

முதல் தவறு, கிடைத்த அன்றே வெளுப்பது. என் பாட்டியின் குரோஷா மேசைவிரிப்பு ஒன்றை நானே பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன். பளிச்சென்று வெளுத்தது; அடுத்த முறை நனைத்தபோது நூல் விட்டுப்போய்க் கையோடு வந்துவிட்டது. பழைய பருத்தி நூலுக்குப் பிளீச் எமன். வெள்ளையாகத்தான் இருந்திருக்கும் என்று நாம் நினைப்பதிலும் பாதி தவறு. வெளுக்காத பழுப்பு நூலிலேயே பின்னியவையும் உண்டு. கழுவியே ஆக வேண்டுமென்றால் முதலில் இருபுறமும் படம் எடுங்கள். ஒரு வலைத்துணிமேல் பரப்பி, காரமில்லாத சோப்புக் கரைசலில் முக்கி, வலையோடு தூக்கி, துண்டின்மேல் நிழலில் உலர்த்துங்கள். பிழியவும் கொடியில் தொங்கவிடவும் கூடாது. ஈரத்தின் பாரமே பின்னலை இழுத்துவிடும். நடுவில் குவளை போலப் புடைத்து நிற்கும் பின்னல் இருந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். கஞ்சி போட்டு எடுத்துவைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போல.

அடுத்தது காலம் கணிப்பதில் வரும் தவறு. பின்னலில் போர்க்கப்பலும் 'சிட்னி' என்ற பெயரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு உடனே எம்டன் நினைவுக்கு வரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசி எரித்த ஜெர்மன் கப்பல். "அவன் ஒரு எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே அதை வீழ்த்தியது ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல். ஆனால் அதே பெயரில் இன்னொரு கப்பலும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1941 நவம்பர் 19 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் 645 பேரோடு அது மூழ்கியது, ஒருவர்கூடத் தப்பவில்லை. ஒன்று வெற்றிக் களிப்பு, மற்றது இழவு. பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்தால் துக்கத்தைக் கொண்டாட்டமாக்கிவிடுவோம். கப்பலின் வடிவம், நூல், குடும்பத்தில் சொல்லப்படும் கதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'1914–1919' என்று பின்னியிருந்தால் ஆண்டு தவறு என்று நினைக்க வேண்டாம். சண்டை 1918 நவம்பர் 11 அன்று நின்றாலும் வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28 அன்றுதான்.

எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பின்னியவர் தப்புச் செய்தார் என்பார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள், நேராகிவிடும். உண்மையிலேயே ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால் அதைச் சரிசெய்து 'முழுமையாக்க' வேண்டாம். இந்த வடிவங்கள் பல, பத்திரிகைகளில் வந்த கட்டப் படங்களைப் பார்த்துப் பின்னியவை. மேரி கார்டு (1861–1940) அப்படி வடிவம் வரைந்து கொடுத்தவர். ஆசிரியையாக இருந்து, காது கேட்காமல் போனதால் குரோஷாவுக்கு வந்தவர். படம் ஊருக்கெல்லாம் பொது. விட்டுப்போன அந்தக் கட்டம் மட்டும்தான் பின்னிய பெண்ணுக்கே உரியது.

எல்லாவற்றையும் 'லேஸ்' என்று எழுதுவதும் குழப்பம். குரோஷா ஒற்றைக் கொக்கி ஊசியில் வருவது. நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் கற்றுக்கொடுத்தது தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். ஜெர்மனி பிடித்திருந்த பெல்ஜியத்தில் பெண்கள் செய்த புகழ்பெற்ற 'போர் லேஸ்' அந்த இனத்தோடும் ஊசியால் செய்யும் லேஸோடும் சேர்ந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரணக் குழு அவர்களுக்கு நூல் கொண்டுவந்து கொடுத்து, முடித்த லேஸை வெளிநாட்டில் விற்றது. நேசநாடுகளின் சின்னங்களை அதில் காணலாம்.

போர்முனைக்குப் போனது வேறு வகை. கம்பளிக் காலுறை மட்டும் 13 லட்சம் ஜோடிக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து போயிற்று. பதுங்குகுழிச் சேற்றில் ஊறிய காலுக்கு உலர்ந்த காலுறைதான் மருந்து. காலுறை நுனியைத் தையல் தெரியாமல் இணைக்கும் முறையை அன்றைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவே கண்டுபிடித்தார் என்ற கதை அழகானது, ஆனால் சான்றில்லை. அவர் பெயர் ஒட்டுவதற்கு முன்பே பின்னுபவர்களுக்கு அந்த முறை தெரியும்.

நகல் பின்னப் போகிறீர்களா? பிரிட்டிஷ் முறையில் 'ட்ரெபிள்' என்ற கண்ணி அமெரிக்க முறையில் 'டபுள்'. இதைக் கவனிக்காமல் அமெரிக்க ட்ரெபிளைப் போட்டால் ஒவ்வொரு வரியும் உயர்ந்து, கப்பல் கோபுரமாக நீளும். பத்துக் கட்டம் பின்னி அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் பையோ வெறும் மரப்பெட்டியோ வேண்டாம். அமிலமில்லாத தாளில் சுருட்டி வையுங்கள். பின்னியவர் யார், எந்த ஊர், யாருக்காக என்று தெரிந்ததைப் பென்சிலால் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்தத் தாளைப் பின்னலோடு குண்டூசியால் குத்திவிடாதீர்கள். மழைக்காலம் வந்தால் அந்த இடத்தில் துருக்கறை ஏறிவிடும்.